மெண்டோசா: வாய்க்கால் ஓரமாக ஒரு ஊர்

வியாழன்

அர்ஜென்டினாவின் மேற்கில் இருக்கிற மெண்டோசாவுக்குப் போகிறோம் என்றதும் எல்லோரும் ஒயினைப் பற்றித்தான் பேசினார்கள். நான் குடிப்பதில்லை, அக்காவுக்கு அந்த வாசனையே ஆகாது. அப்புறம் எதற்கு அங்கே என்று புவெனஸ் அயர்ஸில் என் ஆபீஸில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஊரைப் பார்க்கத்தான். பூங்கா, சதுக்கம், அருங்காட்சியகம், நாலு சிலை, இவ்வளவுதான் திட்டம். ராத்திரி பஸ், ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வழி பூராவும் தட்டையான தரை. மன்னார்குடியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிற அக்கா, பஸ் சீட் கட்டில் மாதிரி முழுசாகச் சாய்வதைப் பார்த்து அதையே ஒரு சுற்றுலாத் தலமாக வீடியோ எடுத்துக்கொண்டாள்.

விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஏப்ரல் மாதம் என்பதால் இலை பாதி மஞ்சள், எதிரே மேற்கில் பனி போட்ட மலை வரிசை. ஆண்டிஸ் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அந்த மலைகளோ 5,000 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன, அதனால் தெருக்கோடியில் யாரோ சுவர் எழுப்பி வைத்தது போலத் தெரிகிறது.

இங்கே மழை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் சுற்றித்தான். கணக்குப்படி இது பாலைவனம். ஆனால் பஸ் நிலையத்திலிருந்து அறைக்கு நடந்து வந்த வழியில் வெயில் மேலே படவேயில்லை, அவ்வளவு மரம். காரணம் காலடியிலேயே இருக்கிறது. தெருவுக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஒவ்வொரு தெருவிலும், இரண்டு பக்கமும், மூடியில்லாத ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அசேக்கியா என்கிறார்கள். சில இடத்தில் முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பு ஆழம். கைப்பிடி, தடுப்பு எதுவும் கிடையாது, வீட்டு வாசலுக்கு வாசல் ஒரு பலகைக் கல் போட்டுத் தாண்டிக்கொள்கிறார்கள். மரங்கள் எல்லாம் அதன் ஓரத்தில், வேர் தண்ணீருக்கு எட்டும்படி வரிசையாக. பிளேன் மரம், முசுக்கொட்டை, ஆஷ் மரம்.

சாயங்காலம் தெருமுனையில் ஒரு மாநகராட்சி ஊழியர் மண்வெட்டியோடு வந்து, வாய்க்காலின் குறுக்கே செருகியிருந்த இரும்புத் தகட்டை நெம்பித் தூக்கினார். அதுவரைக்கும் காய்ந்து கிடந்த பக்கத் தெரு வாய்க்காலுக்குள் தண்ணீர் நுழைந்தது. முதலில் ஒரு நுரை, அதன் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த காய்ந்த இலை, ஒரு சிகரெட் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பிறகுதான் பழுப்பு நிறத்தில் தண்ணீர். வாய்க்காலுக்குள் இறங்கி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த நாய் ஒன்று பதறி மேலே தாவியது. ஊழியர் மண்வெட்டியால் இலைக் குவியலை வாரி ஓரத்தில் போட்டுவிட்டு அடுத்த முனைக்குப் போய்விட்டார். அக்கா மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அவர் பின்னாலேயே அரைத் தெரு நடந்துவிட்டு வந்து, "இது நம்ம ஊரு முறைத் தண்ணிதாண்டி, ஆளு மட்டும் ஸ்பானிஷ் பேசுறாரு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஊருக்கு வெளியே தோட்டங்களுக்கும் இப்படி முறை வைத்துத்தான் தண்ணீர். யாருக்கு எந்த நாள் எந்த நேரம் என்று பார்த்துத் திறந்துவிடுகிற ஆளுக்கு தொமேரோ என்று பெயர். 1884-லேயே மாகாணம் தண்ணீருக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. அதன்படி தண்ணீர் உரிமை நிலத்தோடு சேர்ந்தது, நிலத்தை விட்டுவிட்டு தண்ணீரை மட்டும் தனியாக விற்க முடியாது. தண்ணீர் முழுக்க மலைப் பனி உருகி வருவது. மெண்டோசா மாகாணத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடப் பாசனத்தில் இல்லை, மீதி எல்லாம் முள்ளும் மணலும்தான். ஸ்பானியர்கள் 1561-இல் வந்து ஊர் அமைத்தபோதே இங்கிருந்த உவார்பே மக்கள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் குவாய்மாய்யேன் பெயரில்தான் இன்றைக்கும் ஊருக்குள் ஓடும் பெரிய கால்வாய் இருக்கிறது.

வெள்ளி

காலையில் மாநகராட்சிக் கட்டிடத்தின் மொட்டை மாடி. யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம், காசு கிடையாது. ஊரைப் பார்க்கலாம் என்று ஏறினால் ஊரைக் காணோம், மரத்தின் உச்சிகள்தான். நடுநடுவே சில உயரமான கட்டிடங்கள், அவையும் அப்படி ஒன்றும் உயரமில்லை. நிலநடுக்கம்தான் காரணம்.

1861 மார்ச் 20, ராத்திரி. பழைய மெண்டோசா முழுக்கப் பச்சை மண் கல்லால் கட்டிய வீடுகள், குறுகிய தெருக்கள். நிலம் ஆடி எல்லாம் தெருவுக்குள்ளேயே சரிந்ததால் ஓட இடமில்லாமல் ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள், பிறகு தீயும் பிடித்து நாள் கணக்கில் எரிந்திருக்கிறது. ஒகுஸ்த் பிராவார் என்ற பிரெஞ்சுப் புவியியல் அறிஞர், இந்த ஊருக்கு ஒரு நாள் பெரிய நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்கிறார்கள். அவரும் அந்த ராத்திரி இங்கேயேதான் இருந்தார், இறந்தும் போனார். சொன்னவர் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி.

இடிந்த ஊரை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தென்மேற்கில் புது ஊர் போட்டார்கள். பாலோஃபே என்ற பிரெஞ்சுக்காரர் 1863-இல் போட்டுக் கொடுத்த வரைபடம். நடுவில் நாலு ஹெக்டேரில் ஒரு பெரிய சதுக்கம், அதுதான் பிளாசா இண்டிபெண்டென்சியா. அதன் நாலு மூலையிலிருந்தும் குறுக்காகக் கொஞ்ச தூரம் தள்ளி ஆளுக்கு ஒரு ஹெக்டேரில் நாலு சின்னச் சதுக்கங்கள்: சான் மார்ட்டின், சிலி, இத்தாலியா, எஸ்பான்யா. தெருக்கள் எல்லாம் அகலம். இந்த முறை ஆடினால் வீடு விழும், ஆனால் ஆள் ஓடிவந்து நிற்க இடம் இருக்கும் என்பதுதான் யோசனை. நீரூற்று, பெஞ்சு, ரோஜா எல்லாம் அதற்கு மேலே வைத்த அலங்காரம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சதுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, பக்கத்துக் கட்டிடத்துக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று கண் அளந்துகொண்டே இருக்கிறது.

ஐந்தில் எனக்குப் பிடித்தது பிளாசா எஸ்பான்யா. தரையிலிருந்து பெஞ்சு வரை வண்ண ஓடு பதித்திருக்கிறார்கள், நீலமும் மஞ்சளும், மத்தியான வெயிலில்கூடக் குளிர்ச்சியாக இருக்கிறது. இத்தாலியாவில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ரோமாபுரி ஓநாய். சிலி சதுக்கத்தில் அர்ஜென்டினாவின் விடுதலைத் தளபதி சான் மார்ட்டினும் சிலியின் விடுதலைத் தலைவர் ஓ ஹிக்கின்ஸும் சேர்ந்து நிற்கிறார்கள். இண்டிபெண்டென்சியாவின் அடியில், தரைக்குக் கீழே, நவீன ஓவிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பார்த்தோம், எனக்கு மனதில் ஒன்றும் நிற்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு ஊர் மூடிவிட்டது. மூடிவிட்டது என்றால் நிஜமாகவே ஷட்டர் இறக்கி, ஐந்து மணி வரைக்கும். சியஸ்தா, அதாவது மத்தியானத் தூக்கம். புவெனஸ் அயர்ஸில் இப்படி இல்லை என்பதால் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. திறந்திருந்த ஒரே பேக்கரியில் தொர்த்தீத்தா வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். மாவில் கொழுப்பு சேர்த்துச் சுட்ட, உள்ளங்கை அகலத்தில் தட்டையான உப்பு ரொட்டி. மாத்தே என்ற இலைத் தேநீரோடு இதைத்தான் காலையும் மாலையும் தின்கிறார்கள். மாட்டுக் கொழுப்பா என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். பாதி தின்று முடித்த பிறகு கேட்டிருக்கிறாள், அதனால் மீதியையும் தின்றுவிட்டாள்.

சாயங்காலம் பழைய ஊர் இருந்த பக்கம். பிளாசா பெத்ரோ தெல் காஸ்தீயோ என்ற சதுக்கம்தான் ஆதி மெண்டோசாவின் நடு மையம். அங்கே 1993-இல் திறந்த ஒரு அருங்காட்சியகம், பெயர் மூசெயோ தெல் ஆரெயா ஃபுண்டேஷனல். பழைய நகரசபைக் கட்டிடம் நின்ற இடத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். நாம் மேலே நடக்க, அகழ்ந்தெடுத்த தரைகள் கீழே தெரிகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். ஒரே குழிக்குள் நகரசபையின் தரை, அது இடிந்த பிறகு அங்கே வந்த மாட்டுத்தொட்டியின் தரை, எல்லாம் அடுக்கடுக்காக. நகரசபை விழுந்த இடத்தில் நினைவுத்தூண் எழுப்பவில்லை, மாடு வெட்டியிருக்கிறார்கள். ஊர் திரும்பப் பிழைக்க வேண்டுமே. சதுக்கத்திலேயே தரைக்குக் கீழே ஒரு அறையில், நிலநடுக்கத்துக்கு முந்திய நீரூற்றின் அடித்தளத்தையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மலையடி ஊற்றிலிருந்து குழாய் போட்டு அதற்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கேயும் தண்ணீர்தான்.

பக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோ இடிபாடு. முதலில் இயேசு சபையின் கோவில், 1767-இல் அவர்களை ஸ்பெயின் அரசன் துரத்திய பிறகு பிரான்சிஸ்கன் துறவிகளிடம் போனது. செங்கல் தூண்களும் வளைவின் அடிப்பாகமும் வேலிக்குள் நிற்கின்றன. 1861-இன் ராத்திரியைக் கண்ணால் பார்க்க ஊரில் இதைவிட வேறு இடம் கிடையாது. 1835-இல் டார்வின் இந்த ஊருக்கு வந்தபோது இந்தக் கோவில் முழுசாக நின்றிருக்கும். அவருக்கு ஊர் பிடிக்கவே இல்லை, சோம்பேறி ஊர் என்பது போல எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சியஸ்தா நேரத்தில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதே பகுதியில் இருந்த மாநகராட்சி மீன் காட்சியகத்தில்தான் ஹோர்ஹே என்ற கடலாமை சுமார் நாற்பது வருஷம் ஒரு தொட்டிக்குள் இருந்தது. 1984-இல் பாஹியா பிளாங்கா பக்கத்துக் கடலில் பிடித்தது. கடலுக்கு இத்தனை தொலைவில், உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். 2022-இல் மார் தெல் பிளாத்தாவுக்குக் கொண்டுபோய், உயிருள்ள இரையைப் பிடிக்கப் பழக்கி, 2025-இல் கடலில் விட்டார்கள். அது நேரே பிரேசில் பக்கம் நீந்திப் போய்விட்டது.

சனி

இன்றைக்கு முழுக்க சான் மார்ட்டின் பூங்கா, கால் போய்விட்டது. கிட்டத்தட்ட 400 ஹெக்டேர். வாசலில் கறுப்பும் பொன்னுமாக இரும்புக் கதவுகள், உச்சியில் இறக்கை விரித்த கழுகு. காண்டர் கழுகு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஆலையில் வார்த்தது. துருக்கி சுல்தான் ஒருவருக்காகச் செய்து, அவர் வாங்காமல் போனதால் மெண்டோசாவுக்கு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கதை மட்டும்தான் போல. சுல்தான் எதற்குக் காண்டர் கழுகு கேட்கப்போகிறார்?

இந்தப் பூங்காவை 1896-இல் தொடங்கினார்கள். அப்போது மாகாண அமைச்சராக இருந்த எமிலியோ சிவிட் முன்னின்று செய்த வேலை, வரைந்தவர் புவெனஸ் அயர்ஸின் பூங்காக்களைக் கவனித்த கார்லோஸ் தாய்ஸ். பத்து வருஷம் முன்னால் 1886-இல் காலரா வந்து ஊரைப் போட்டு வாட்டியிருந்தது. மேற்கே மலையடியில் மொட்டைத் தரை, மழை பெய்தால் அந்தப் பக்கமிருந்து சேறும் வெள்ளமும் நேரே ஊருக்குள். அங்கே மரக்காடு ஒன்றை வைத்தால் காற்றும் சுத்தமாகும் வெள்ளமும் அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். உள்ளே இருக்கிற மரங்கள் கையால் வைத்து, வாய்க்கால் தண்ணீர் விட்டு வளர்த்தவை. நிழலில் நடந்துகொண்டே இருந்தோம், ஒரு இடத்தில் புல்வெளி சட்டென்று முடிந்தது, அடுத்த அடியிலிருந்து முள் செடி, சரளை, கள்ளி. கோடு கிழித்த மாதிரி. வாய்க்கால் அதற்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஏரி நீளவாக்கில் ஒரு கிலோமீட்டர் இருக்கும், அதுவும் வெட்டியதுதான். துடுப்புப் படகுக்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தெற்கு முனையில் கப்பல் போலவே கட்டிய ஒரு வெள்ளைக் கட்டிடம், 1930-களின் பாணி, இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் பெயரோடு நிற்கிறது. நாங்கள் வெளியிலிருந்து போட்டோ எடுத்ததோடு சரி. கரையோரமாக ரோஜாத் தோட்டம், அதில் குடும்பம் குடும்பமாக மாத்தே பாத்திரமும் வெந்நீர் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒரு பாட்டி மாத்தே நீட்டினார். அக்கா ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகம் மாறாமல் கிரேசியாஸ், அதாவது நன்றி, என்றாள். மாத்தே குடிக்கும்போது அப்படிச் சொன்னால் வேண்டாம் போதும் என்று அர்த்தம் என்பதால் அடுத்த முறை அவளுக்கு வரவில்லை, எனக்கு மட்டும் மூன்று முறை வந்தது.

அப்புறம் பழைய மிருகக்காட்சிசாலை. 2016-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அந்த வருஷம்தான் ஆர்த்தூரோ என்ற பனிக்கரடி இங்கே செத்துப்போனது. இந்த வெயிலில் ஒரு பனிக்கரடி, வருஷக் கணக்காக. உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கி இயக்கம் நடத்தியும் அதை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. அக்காவை அதைவிட வாட்டியது யானைக் கதை. போச்சா என்று ஒரு ஆசிய யானை, அதன் மகள் குய்யெர்மீனா. மகள் பிறந்ததே இந்தக் காட்சிசாலையின் கான்கிரீட் பள்ளத்துக்குள்தான், இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தைத் தவிர வேறு தரையை மிதித்ததில்லை. 2022 மே மாதம் இரண்டையும் கூண்டில் ஏற்றி லாரியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து பிரேசிலின் மாத்தோ குரோசோவில் இருக்கும் யானைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சில மாதத்தில் தாய் இறந்துவிட்டது. மகள் புல் தரையில் மற்ற யானைகளோடு இருந்துவிட்டாள். கோவில் யானையைப் பார்த்து வளர்ந்தவள் அக்கா, இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு "அஞ்சு மாசமாவது மண்ணு மிதிச்சுது" என்றாள்.

கடைசியாக செரோ தெ லா குளோரியா. பூங்காவுக்குள்ளேயே இருக்கிற குன்று, சுற்றிச் சுற்றி ரோடு போட்டிருக்கிறார்கள். உச்சியில் ஆண்டிஸ் படையின் நினைவுச்சின்னம், உருகுவே நாட்டுச் சிற்பி ஹுவான் மனுவேல் ஃபெர்ராரி செய்தது, 1914 பிப்ரவரி 12-இல் திறந்தது. அர்ஜென்டினாவின் பழைய 5 பேசோ நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததும் இதுதான். மேலே சங்கிலி அறுத்த சுதந்திர தேவி, கீழே பாறையிலிருந்து பாய்கிற குதிரை வீரர்கள், அவர்களுக்கு முன்னால் குதிரை மேல் சான் மார்ட்டின். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா ஊர் நினைவுச்சின்னமும் போலத்தான். கிட்டே போய் அடியைச் சுற்றி நடக்க வேண்டும். அங்கே வெண்கலப் பலகையில் ஊர் ஜனம். பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். லூயிஸ் பெல்த்ரான் என்ற துறவி பட்டறையில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்கிறார். கோவேறு கழுதைகள் பாரம் சுமக்கின்றன. 1817 ஜனவரியில் சுமார் 5,000 பேரும் 9,000-க்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் இந்த ஊரிலிருந்து மலை ஏறினார்கள். சிலியில் சாகபூகோ என்ற இடத்தில் பிப்ரவரி 12 அன்று ஸ்பானியப் படையைத் தோற்கடித்தார்கள், திறப்பு விழாத் தேதி அதனால்தான். கழுதைகளில் பாதிகூட அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேரவில்லை. அவற்றுக்கும் இங்கே வெண்கலத்தில் இடம் கொடுத்திருப்பது நியாயமாகப் பட்டது.

இறங்கும் வழியில் கிரேக்க அரங்கம் போன்ற திறந்தவெளி மேடை, ஃபிராங்க் ரொமேரோ தாய் அரங்கம். மார்ச் மாதம் திராட்சை அறுவடைத் திருவிழா, வெண்டீமியா, இங்கேதான் நடக்கிறது. 1936-இலிருந்து நடக்கும் விழா. டிக்கெட் கிடைக்காதவர்கள் சுற்றியுள்ள குன்றின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்களாம். இப்போது காலியாக இருந்தது, இரண்டு பையன்கள் படிக்கட்டில் ஓடிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு

காலில் கொப்புளம், அதனால் இன்றைக்குக் குறைவு. சான் பிரான்சிஸ்கோ பசிலிக்காவுக்குப் போனோம், நேற்று முன்தினம் பார்த்த இடிபாட்டுக்கு வாரிசு. பூசை நடந்துகொண்டிருந்தது, பின்னால் நின்றோம். சான் மார்ட்டின் தன் தளபதிக் கோலை இங்கே கார்மேல் மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார். அவருடைய மகள் மெர்சேதீத்தாஸின் கல்லறையும் இங்கேதான். 1816-இல் இந்த ஊரில் பிறந்து, பிரான்சில் இறந்து, 1951-இல் கணவரோடும் ஒரு மகளோடும் எலும்பாகத் திரும்பி வந்தாள். அப்பா புவெனஸ் அயர்ஸ் பேராலயத்தில் காவல் வீரர்களோடு இருக்கிறார், மகள் இங்கே. இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மகளுடைய இடம்தான் நல்ல இடம்.

அரசு அலுவலகங்கள் இருக்கிற பகுதியில் ஆண்டிஸ் படையின் கொடிக்கென்றே தனி நினைவகம். சான் மார்ட்டினின் மனைவி ரெமேதியோஸும் வேறு சில பெண்களும் தைத்தது, 1817 ஜனவரி 5-இல் மந்திரித்துப் படையிடம் கொடுத்தது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நீலம் கிட்டத்தட்டப் போய்விட்டது, நடுவில் இருக்கும் சின்னத்தின் தையல் மட்டும் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. அக்கா தையல் தெரிந்தவள், மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவு குனிந்து பார்த்தாள். கைத்தையல், அவசரமாகப் போட்டது இல்லை என்பது அவள் தீர்ப்பு.

சாயங்காலம் இண்டிபெண்டென்சியாவில் கைவினைச் சந்தை. தோல் பெல்ட், மாத்தே குடுவை, வெள்ளி மாதிரி இருக்கிற வேறு ஏதோ. பேரம் பேச அக்காவுக்குக் கை பரபரத்தது, இங்கே பேரம் அவ்வளவாகக் கிடையாது. மெழுகுவர்த்தி விற்ற பெண் மட்டும் சிரித்துக்கொண்டே ஒன்று இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

திங்கள்

டிராம் ஏறி பக்கத்து ஊரான மைப்பூ. இந்த டிராம் பெட்டிகள் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஓடித் தேய்ந்தவை, மெண்டோசா அவற்றை இரண்டாம் கையாக வாங்கி 2012-இல் பழைய ரயில் பாதையில் ஓடவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது. அந்தப் பாதையே ஒரு வரலாறு. 1885-இல் ரயில் வந்த பிறகுதான் இங்கத்திய ஒயின் புவெனஸ் அயர்ஸுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போகத் தொடங்கியது, இத்தாலியர்கள் வந்து குவிந்தார்கள். அப்படி வந்த ஹுவான் ஜியோல் தன் கூட்டாளி கார்கந்தீனியோடு சேர்ந்து ஒயின் ஆலை நடத்திப் பெரும் பணக்காரர் ஆனார், இருவரும் பக்கம் பக்கமாக மாளிகை கட்டிக்கொண்டார்கள். ஜியோல் மாளிகைதான் ஒயின் அருங்காட்சியகத்துக்கான இடம். திங்கட்கிழமை என்பதால் தோட்டத்தையும் முகப்பையும் பார்த்ததோடு நின்றோம். எங்கள் இருவருக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை.

மைப்பூவில் ஆலிவ் எண்ணெய் ஆட்டும் ஒரு சின்ன இடத்தில் ரொட்டித் துண்டு தொட்டுச் சுவைக்கக் கொடுத்தார்கள், தொண்டையில் மிளகு போலக் காரம். புதிதாக ஆட்டியது என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அக்கா ஐந்து லிட்டர் டின் கேட்டாள், நான் ஒரு லிட்டருக்கு இறக்கினேன், கடைசியில் இரண்டு வாங்கினோம். தோட்டத்துக்குள் திராட்சை வரிசைக்கு வரிசை நடுவில் அதே வாய்க்கால், அதே இரும்புத் தகடு, ஒருவர் அதைக் காலால் அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை மலை தாண்டி சாண்டியாகோ பஸ். கணவாயில் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள், ஏப்ரலில் பெரும்பாலும் திறந்திருக்கும் என்றார் டிக்கெட் கொடுத்தவர். வலது பக்க ஜன்னல் கேட்டு வாங்கியிருக்கிறோம், ஆண்டிஸின் உச்சிச் சிகரமான அகோன்காகுவா அந்தப் பக்கம்தான் தெரியும். ஜன்னல் யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை, அக்கா முடிவாகிவிட்டது என்கிறாள்.